மொத ஊசியை மொத ஆஸ்பத்திரியிலயே போடுங்க: நலப்பணிகள் இணை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்க அக்கா பையன் விஷயமா குடுத்த மனு உங்க ஆபீஸ்லயே இருக்கு, அதனால முழுசா திரும்ப சொல்லப் போறதில்ல. மனுவுக்கு வந்த பதில்ல "உரிய முதலுதவி அளிக்கப்பட்டு மேல் சிகிச்சைக்கு பரிந்துரைக்கப்பட்டது"ன்னு ஒரு வரி இருக்கு, அந்த வரிக்காகத்தான் இதை எழுதுறேன்.

எட்டு வயசு பையன். புளியமரத்துல இருந்து விழுந்து முன்னங்கை எலும்பு ரெண்டும் உடைஞ்சு, அதுல ஒண்ணு தோலைக் கிழிச்சிட்டு வெளிய தெரியுது, காயம் பூரா வயல் மண்ணு. தாலுகா ஆஸ்பத்திரியில பஞ்சை வச்சு ஒரு கட்டு, ஒரு எக்ஸ்ரே, ஒரு சீட்டு. டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா ஆன்டிபயாடிக் போடல. கை அசையாம இருக்க ஒரு மட்டை கூட வச்சு கட்டல, 108 வண்டி ஒவ்வொரு வேகத்தடையில ஏறி இறங்கும்போதும் உடைஞ்ச எலும்பு உள்ள உரசி அவன் கத்துன கத்தல் எங்க எல்லாருக்கும்தான் தெரியும்.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில கேட்ட முதல் கேள்வியே "ஆன்டிபயாடிக் எத்தன மணிக்கு போட்டாங்க?"ன்னுதான். எங்ககிட்ட பதில் இல்ல, சீட்டுலயும் இல்ல. கட்டைப் பிரிச்சா பஞ்சு ரத்தத்தோட காஞ்சு காயத்துல அப்படியே ஒட்டியிருக்கு, சலைன் ஊத்தி ஊத்தி ஊற வச்சு எடுக்குறாங்க, பஞ்சு நூலா பிரிஞ்சு எலும்பு முனையில சிக்கிக்கிச்சு, அதை ஃபோர்செப்ஸால ஒவ்வொண்ணா இழுக்குறாங்க. அது முடிஞ்சு மூடுனா அடுத்த டாக்டர் வந்து திரும்ப பிரிச்சு பாக்குறாரு, அப்புறம் இன்னொருத்தர். "பாத்தாச்சுல்ல, மூடச் சொல்லும்மா"ன்னு பையன் அக்காவைப் பாத்து அழறான். மொத ஆஸ்பத்திரியிலயே காயத்தை ஒரு போட்டோ எடுத்து, சலைன்ல நனைச்ச காஸ் துணியால மூடி அனுப்பியிருந்தா இத்தனை வாட்டி திறக்கவே வேண்டாம்னு அங்க பாத்த டாக்டர் ஒருத்தரே சொன்னாரு.

அவர் இன்னொண்ணும் சொன்னாரு. ஆபரேஷன் தியேட்டர்ல காயத்தைக் கழுவுறது 6 மணி நேரத்துக்குள்ள நடக்கணும்னு ரொம்ப காலமா ஒரு கணக்கு வச்சிருந்தாங்களாம். 2005-ல அமெரிக்காவுல குழந்தைங்களோட 554 ஓப்பன் ஃப்ராக்சரை (இவனுக்கு மாதிரி காயத்தோட இருக்கிற எலும்பு முறிவை) எடுத்துப் பாத்ததுல, ஆன்டிபயாடிக் சீக்கிரமே போட்டிருந்தா, 6 மணி நேரத்துக்குள்ள கழுவுனதுக்கும் அதுக்கப்புறம் கழுவுனதுக்கும் இன்ஃபெக்ஷன்ல பெரிய வித்தியாசம் இல்லன்னு வந்திருக்கு. அப்போ தாலுகா ஆஸ்பத்திரியில ஆர்த்தோ டாக்டர் இல்லாதது கூட அவ்ளோ பெரிய குறை இல்லீங்க, அந்த ஊசி போடாததுதான் குறை. பையனோட எடை பாத்து போட வேண்டிய செஃபசோலின்ங்கிற ஒரு சாதாரண ஆன்டிபயாடிக் ஊசி, டூட்டி டாக்டர் எழுதினா நர்ஸ் அக்கா போட்டுடுவாங்க. பையனுக்கு எலும்புல சீழ் வச்சு திரும்ப தியேட்டருக்கு கொண்டு போனாங்க. ஊசி போட்டிருந்தா அது கண்டிப்பா வந்திருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், காயத்துல மண்ணு இருந்துச்சு. ஆனா போட்டிருக்கணுமா இல்லையா, அதுக்கு பதில் சொல்லுங்க.

தயவுசெஞ்சு மாவட்டத்துல இருக்கிற எல்லா தாலுகா ஆஸ்பத்திரிக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்க ஐயா. எலும்பு முறிவோட காயமும் இருந்தா, ரெஃபர் பண்றதுக்கு முன்னாடி முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போடணும், போட்ட நேரத்தை சீட்டுல எழுதணும், ஈரத் துணியால மூடி மட்டை கட்டி அனுப்பணும். இதுக்கு புது கட்டடமோ புது மெஷினோ தேவையில்ல.

ராத்திரி டூட்டியில ஒரே டாக்டர் பிரசவமும் பாத்து பாம்புக்கடியும் பாக்குறாருன்னு எங்களுக்கும் தெரியும், காலி இடத்தை நிரப்பாம அவங்களை மட்டும் திட்டுறதுல நியாயம் இல்ல. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமா குடுக்குற, 2021-ல வந்த இன்னுயிர் காப்போம் திட்டம் நல்ல திட்டம்தான், ஆனா அது சாலை விபத்துக்கு. மரத்துல இருந்தும் மாடியில இருந்தும் விழுற புள்ளைங்களுக்கு யாருங்க 48 மணி நேரம் கணக்கு பாக்குறது? நாட்டுக் கட்டு போட்டுட்டு லேட்டா வர்றாங்கன்னு ஜனங்களைக் குறை சொல்றாங்க, காயத்து மேல அப்படி கட்டுறது தப்புதான், நாங்களும் ஊர்ல சொல்லிட்டுதான் இருக்கோம். ஆனா நேரா கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடி வந்தவங்களுக்கே வெறும் பஞ்சும் சீட்டும்தான் கிடைச்சா, அடுத்த வாட்டி அவங்க எங்க போவாங்க?

கோவத்துல ஏதாவது அதிகமா எழுதியிருந்தா மன்னிச்சிடுங்க. தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் மேல நடவடிக்கை எடுங்கன்னு நாங்க கேக்கல, மனுவுலயும் கேக்கல. சுற்றறிக்கைதான் கேக்குறோம். பள்ளிக்கூட லீவு வர்றதுக்குள்ள அனுப்பிட்டீங்கன்னா நல்லா இருக்கும், லீவுலதான் புள்ளைங்க மரம் ஏறும்.

இப்படிக்கு,
பையனோட தாய்மாமன்