கயிறா, கேபிளா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பத்து நாளாகக் கடை போன் ஓயவில்லை. ஆர்டருக்காக ஓயவில்லை என்றால் சந்தோஷப்பட்டிருப்போம். வருவதெல்லாம் அந்த வீடியோவைப் பற்றிய விசாரிப்புதான். உங்களில் பாதிப் பேருக்காவது அது வந்து சேர்ந்திருக்கும். நம்மிடம் ரெஸ்லிங் மேடையைச் சுற்றிக் கட்டும் கயிறு, அதாவது ரிங் செட், வாங்கிய ஒருவர், மேல் கயிற்றின் டேப்பை பிளேடால் கீறுகிறார். உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் குழாயையும் அறுக்கிறார். அதற்குள் இருந்த ஸ்டீல் கேபிளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, "கயிறுன்னு சொல்லிக் கம்பியைத் தலையில கட்டிட்டாங்க, டூப்ளிகேட்" என்கிறார்.

மற்றது எதுவாக இருந்தாலும் பொறுத்திருப்போம். டூப்ளிகேட் என்ற வார்த்தைதான் தூங்கவிடவில்லை. எங்கள் ஆட்கள் கயிறு திரிக்கிறார்கள் என்று அதன் கீழே வேறொருவர் கேலி செய்திருந்தார். நாங்கள் திரிப்பதில்லை ஐயா. வாங்கி, அளந்து, டேப் சுற்றி அனுப்புகிறோம். அவ்வளவுதான்.

நம் விலைப்பட்டியலில் அந்த செட்டுக்கு 'டிவி மாடல்' என்று பெயர் போட்டிருந்தது. போட்டிருக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எந்த டிவி என்று நாங்கள் சொல்லவில்லையே! அவர் மனதில் இருந்தது அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.இ. அங்கே மட்டும்தான் நிஜக் கயிறு என்று சொல்லமாட்டோம். ஆனால் நிஜமான நார்க்கயிற்றின் மேல் டேப் சுற்றிக் கட்டும் பெரிய கம்பெனி என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். எண்பதுகளில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறத்தில் பார்த்தோமே, அந்த நிறமெல்லாம் மேலே சுற்றிய உறைதான். இன்னொரு பக்கம், 2001இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யே விலைக்கு வாங்கிய போட்டிக் கம்பெனி டபிள்யூ.சி.டபிள்யூ. தன் ரிங்கில் ஓடவிட்டது ஸ்டீல் கேபிளும் ரப்பர் உறையும். அதுவும் டிவியில் வந்த ரிங்தான். சின்ன கம்பெனிகளிலும் பயிற்சிப் பள்ளிகளிலும் இன்று நீங்கள் சாய்கிற கயிறு பெரும்பாலும் கேபிள்தான். டேப்புக்கு மேலே தடவிப் பார்த்தால் தெரியாது. முதுகு போய் மோதினால் தெரியும்.

ஏன் இரண்டு வகை என்று கேட்பவர்களுக்கு: நார்க்கயிறு பாரம் விழுந்தால் நீளும். ஆள் ஓடி வந்து சாயும்போது கொஞ்சம் உள்வாங்கித் திருப்பித் தள்ளும், உடம்புக்கு இதம். ஆனால் அப்படி நீண்டது முழுக்கப் பழைய நிலைக்குத் திரும்பாது. இன்று விண்ணென்று நின்ற கயிறு நாலு நிகழ்ச்சி கழித்துத் தொய்ந்து நிற்கும். ஈரக்காற்றில் ஒரு மாதிரி, வறண்ட நாளில் ஒரு மாதிரி. ஒவ்வொரு ஊருக்கும் கூடவே வந்து கட்டி இறுக்க ஆள் வைத்திருக்கும் கம்பெனிக்கு அது சரி. வாரம் ஒரு நிகழ்ச்சி நடத்தி, வேனில் ஏற்றி இறக்கி, நீங்களே ஸ்பேனர் பிடிக்கும் இடத்தில் கேபிள்தான் நிம்மதி. நீளாது, நனைந்தாலும் கவலை இல்லை. வலி மட்டும் கொஞ்சம் கூடுதல். அக்குளுக்குக் கீழே முதல் மாதம் கோடு கோடாகக் கன்றிப்போகும், பயிற்சி எடுக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள்.

இறுக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இன்னும் இறுக்கமா இருக்கணும்" என்று கேட்டு வாங்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். 1994 மார்ச்சில் மியூனிக் நகரத்தில் டபிள்யூ.சி.டபிள்யூ. நிகழ்ச்சியில் மிக் ஃபோலி என்ற வீரர் வேடர் என்ற வீரருடன் மோதினார். மேல் கயிற்றுக்கும் நடுக்கயிற்றுக்கும் நடுவே தலை சிக்கித் தொங்குவது அவர் வழக்கமாகச் செய்யும் வித்தை. அன்று கேபிள் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. தலையைப் பிடுங்கிக்கொண்டு வந்ததில் காதுகள் கிழிந்து, வலது காதின் பெரும் பகுதி அந்தச் சண்டையிலேயே போய்விட்டது. இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வேண்டும் என்றில்லை. கயிற்றை மூலைக் கம்பத்தோடு இழுத்து இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை இன்னும் அரைச் சுற்று திருப்பலாமா என்று கை துறுதுறுக்கும்போது நினைவுக்கு வந்தால் போதும்.

ரிங் அளவும் கணக்கில் வரும். இருபது அடி ரிங்குக்கு ஒரு சுற்று எண்பது அடி, மூன்று கயிறுக்கு 240 அடி. டபிள்யூ.டபிள்யூ.இ. அந்த அளவு. டபிள்யூ.சி.டபிள்யூ. பதினெட்டு அடி, அதற்கு 216 அடி போதும். நீளம் குறைந்தால் அதே கேபிள் இன்னும் விறைப்பாகத் தெரியும். வீடியோ போட்டவருடையது பதினாறு அடி ரிங். டிவியில் பார்த்த அதே துள்ளல் எங்கிருந்து வரும் சொல்லுங்கள்.

அப்புறம் மூலையில் டர்ன்பக்கிளை மூடும் மெத்தை, அந்தப் பேட் விவகாரம். ஜப்பான் கம்பெனியான நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் போல வேண்டும் என்று எழுதிக் கொடுத்த ஒருவர், "ஒரு மூலைக்கு மூணு பேட் வரணும், ஒண்ணுதான் வந்திருக்கு, ரெண்டை அமுக்கிட்டீங்க" என்று சண்டைக்கு வந்தார். நியூ ஜப்பான் ரிங்கில் மூன்று டர்ன்பக்கிளையும் சேர்த்து மூடுகிற மாதிரி நெடுக ஒரே பேட்தான், குத்துச்சண்டை ரிங்கில் பார்ப்போமே, அந்த மாதிரி. ஒவ்வொரு டர்ன்பக்கிளுக்கும் தனித்தனிச் சதுரப் பேட் என்பது அமெரிக்க வழக்கம். எது நல்லது என்று கேட்டால், முதுகுக்கு நீளப் பேட். கதைக்குச் சின்னப் பேட். வில்லன் நடுவர் பார்க்காத நேரத்தில் ஒரு பேட்டை மட்டும் உருவிப்போட்டு இரும்பை வெளியே காட்டும் காட்சி நீளப் பேட்டில் எடுபடாது. ஜார்ஜ் ஸ்டீல் என்ற வீரர் பல்லால் கடித்துக் கிழித்துப் பஞ்சை வாரி இறைத்ததும் சின்னப் பேட்தான். (கடித்த பேட்டை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம். இது வரை இரண்டு வந்துவிட்டது.)

ஆறு மூலை ரிங் கேட்கிறவர்களும் உண்டு. டி.என்.ஏ. என்ற அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனி 2004இல் தொடங்கி, 2010இல் விட்டு, 2014இல் மறுபடி பிடித்து, 2018இல் மறுபடி விட்ட சமாச்சாரம். பன்னிரண்டு டர்ன்பக்கிளுக்குப் பதில் பதினெட்டு. மூலை விரிந்திருப்பதால் மூலைக் கம்பத்தை உள்பக்கம் இழுக்கும் விசை குறையும், அது ஒரு லாபம். இப்போதைக்கு ஆர்டர் எடுப்பதில்லை, ஆள் இல்லை.

ஆள் இல்லை என்றதும் சொல்லிவிடுகிறேன். நம் கடையில் டேப் சுற்றிக்கொண்டிருந்த பெரியவர் போன மாதத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார். நேரில் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கேபிளை இரண்டு கொக்கியில் மாட்டி, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூடும்படி, இடது கட்டைவிரலால் தடவிக்கொண்டே பின்னால் நடப்பார். ஒரு முழத்துக்கு ஒரு தரம் நின்று உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார். எங்கேயாவது காற்று நின்றிருந்தால் அந்தச் சத்தம் மாறும் என்பார். எங்களுக்கு அந்தக் காது இன்னும் வரவில்லை. தம்பிகள் இருவர் பழகுகிறார்கள். அதனால் புது செட்டுக்கு மூன்று வாரம் கூடுதலாக ஆகும். டேப் நிறமும் இனி சிவப்பு, வெள்ளை, நீலம், கறுப்பு மட்டும். கேபிள், டேப் எல்லாம் ஏறிவிட்டதால் விலையும் கொஞ்சம் மாறியிருக்கிறது, இணைப்பைப் பார்க்கவும்.

'டிவி மாடல்' என்ற பெயரை எடுத்துவிட்டோம். இனி ஆர்டர் தாளில் முதல் கேள்வியே கயிறா, கேபிளா என்பதுதான். நார்க்கயிறு கேட்டால் நார்க்கயிறு தருவோம், எப்போதும் தந்திருக்கிறோம். வீடியோ போட்டவருக்கும் மாற்றித் தரத் தயார் என்று சொல்லியிருக்கிறோம். அறுத்த கேபிளைத் திருப்பி அனுப்பினால் நல்லது.

அதே வீடியோவின் கடைசியில் மூன்றாவது சண்டையில் மேல் கயிறு தளர்ந்ததாக ஒரு காட்சி வரும். கடைசியாகப் போன இரண்டு லாட்டில் சில பெட்டிகளில் டர்ன்பக்கிள் தானாகத் தளராமல் பிடிக்கும் லாக் நட் விடுபட்டிருக்கலாம். எழுதினால் அனுப்பிவைக்கிறோம், அதுவரை டர்ன்பக்கிளின் உடல் சுழலாதபடி கம்பியால் கட்டிவையுங்கள்.

இத்தனை நாள் கூடவே நின்றவர்களுக்கு என்ன சொல்வது. அந்த வீடியோவின் கீழே எங்களுக்கு முன்னால் பதில் எழுதியவர் எங்கள் பழைய வாடிக்கையாளர், பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். "பதினோரு வருஷமா இதே கேபிள், இரண்டு தடவை டேப் மட்டும்தான் மாத்தினேன்" என்று தன் ரிங்கின் படத்தோடு போட்டிருந்தார். நாங்கள் கேட்கவே இல்லை. கடையில் எல்லோரும் சேர்ந்து நின்று அதைப் படித்தோம். ஊர் ஊராக ரிங்கை இழுத்துப் போகிறவர்கள் இருவர் போனிலேயே அடுத்த செட்டுக்கு ஆர்டர் கொடுத்தார்கள், மூன்று வாரம் தாமதமாகும் என்று சொன்ன பிறகும். மனதார நன்றி.

சர்வீசுக்கு டர்ன்பக்கிள் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். போன மாதம் வந்த ஒரு பெட்டியில் சீட்டு முழுக்க எண்ணெயில் ஊறிப் பெயரே தெரியவில்லை. பன்னிரண்டையும் கழுவி, மரை பார்த்து, புது நட் போட்டு மேசையில் வைத்திருக்கிறோம். ஒன்றின் மேல் நீல பெயின்ட் தீற்றல் இருக்கிறது. உங்களுடையது என்றால் ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்