அக்காள் பேரனும் சம்பந்தி சண்டையும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. அக்காள் பேரனோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததில் பதில் போட முடியவில்லை. ஏழு வயதுப் பயல். இரண்டு நாள் காய்ச்சல், வாந்தி. மூன்றாம் நாள் முகம் வீங்கி, மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. முதலில் காட்டிய இடத்தில் மஞ்சள் காமாலை என்று சொல்லி இரண்டு நாளை வீணாக்கிவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியதும் லேபில் கேட்டு ஸ்லைடை நானே பார்த்தேன். முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்பில் குனிந்த கழுத்து, சும்மா இருக்குமா? சிவப்பணுக்கள் உடைந்த வளையல் துண்டுகளாகக் கிடந்தன. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டைத் தேட வேண்டியிருந்தது. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, கிரியாட்டினின், 4-ஐத் தாண்டிவிட்டது. ஏஎச்யூஎஸ் என்றார்கள், சிறு ரத்தக் குழாய்கள் அடைபட்டு ரத்த அணுக்களும் கிட்னியும் கெடும் நோய்.

'உங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிட்னிக் கோளாறு கிடையாதே' என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று ஒரு புரதக் கூட்டம் உண்டு, முப்பதுக்கும் மேல். வீட்டு நாய் மாதிரி. எப்போதும் லேசாக உறுமிக்கொண்டே இருக்கும், கிருமி வந்தால் பாயும். நம் செல்லைப் பார்த்து உறுமும்போது 'நம்ம ஆளுதான், விடு' என்று அடக்குவது ஃபேக்டர் எச் என்ற புரதம். அதற்கு ஒரு பங்காளிப் புரதம், சிஎஃப்எச்ஆர்1. இவனுக்கு அது பிறவியிலேயே இல்லை. பங்காளி இல்லாத உடம்பு, ஏனோ சில பிள்ளைகளுக்கு, ஃபேக்டர் எச்சையே அந்நியன் என்று நினைத்து அதற்கு எதிராக ஆன்டிபாடி, அதாவது அதை முடக்கும் எதிர்ப்புப் புரதம், செய்துவிடுகிறது. அதட்ட ஆளில்லாத நாய் சிறுநீரகத்தின் மெல்லிய ரத்தக் குழாய்களைக் குதறுகிறது. குழாய்க்குள் சின்னச் சின்ன உறைகட்டி, அதில் உரசி அணுக்கள் கிழிகின்றன. நம் நாட்டில் இந்த நோய் வரும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இந்த ஆன்டிபாடிதான் காரணமாம். ஐரோப்பாவில் இவ்வளவு இல்லை.

'பிறவிக் குறை' என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், வார்டு வாசலிலேயே சம்பந்தி அம்மாள் ஆரம்பித்துவிட்டார்: 'எங்க பக்கம் இப்படி ஒண்ணும் கிடையாது.' அக்காள் விடுவாளா? சொந்தத்தில் கட்டியதால் வந்ததென்று இன்னொருத்தர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் பங்காளிப் புரதத்தைச் செய்யும் ஜீன் துண்டு இரண்டு பிரதியிலும் விடுபட வேண்டுமென்றால் அப்பாவும் ஒன்று கொடுக்க வேண்டும், அம்மாவும் ஒன்று கொடுக்க வேண்டும். இரண்டுமே இல்லாமல் ஆயுசு முழுக்க நன்றாக இருப்பவர்கள் நூற்றில் சிலர் உண்டு. உனக்கோ எனக்கோகூட இல்லாமல் இருக்கலாம். குறை இருப்பது வேறு, நோய் வருவது வேறு. இதை நாலு தரம் சொன்னேன். கேட்டது மருமகள் மட்டும்தான். அவளுக்குத்தான் கேட்க வேண்டியும் இருந்தது.

வைத்தியம் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, மாற்றுவது. இவன் பிளாஸ்மாவை ஆன்டிபாடியோடு எடுத்துவிட்டு, யாரோ தானம் கொடுத்ததை ஏற்றுகிறார்கள். முதலில் தினமும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். மறுபடி ஆன்டிபாடி ஊறாமலிருக்க ஸ்டீராய்டும் இன்னொரு மருந்தும். நடுவில் மூன்று தரம் டயாலிசிஸ். 2011-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்த எகுலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது. விலை கேட்டேன், வீட்டை விற்றாலும் வருஷம் தாங்காது. நல்ல வேளை, பிளாஸ்மாவே கேட்டது. ஃபேக்டர் எச்சே பழுதாகப் பிறக்கும் பிள்ளைகள் பாடுதான் கஷ்டம். அது கல்லீரலில் ஊறுவது, அதனால் வெறும் கிட்னி மாற்றினால் புதுக் கிட்னிக்கும் அதே கதி வரக்கூடும் என்றார் டாக்டர்.

போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டான். கிரியாட்டினின் 0.7. பிரஷர் மாத்திரையும் தொடர்கிறது. தினம் காலையில் மூத்திரத்தை ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, 'தாத்தா, இன்னிக்கும் டீ இல்லை, எலுமிச்சம் ஜூஸ்' என்கிறான். சம்பந்தி அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டே எட்டிப் பார்க்கிறார்.

மாதம் ஒருமுறை ஆன்டிபாடி அளவு பார்க்க வேண்டும். அடுத்தது இருபதாம் தேதி. அன்று உன் ஊர் வழியாகத்தான் பஸ். மதியம் சாப்பாட்டுக்கு வருகிறோம். இவனுக்கு உப்பைக் குறைத்துப் போடச் சொல் தங்கச்சியிடம், எனக்கு வழக்கம்போல.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்