பில் போடும் புரோகிராமுக்கு ரூட் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர் பராமரிப்பது என் தொழில். போன மாதம் ஒரு மருந்துக் கடையிலிருந்து காலை 8 மணிக்குக் கூப்பிட்டார்கள். பில் சர்வர் எழவே இல்லை. ராத்திரி 2 மணிக்கு ஓடும் துப்புரவு ஸ்கிரிப்டில் (வேண்டாத கோப்புகளை அழிக்கும் கட்டளைத் தொகுப்பு), காலி செய்ய வேண்டிய ஃபோல்டரின் பெயர் விடுபட்டிருந்தது. பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரக் குறி. பெயர் இல்லாமல் அவை மட்டும் நின்றால் அதற்கு அர்த்தம் முழு டிஸ்க்கும்! ஓடியதோ எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரில்; தடுக்க ஆளில்லை. பேக்கப்பிலிருந்து மீட்க 2 நாள் ஆனது. இன்சுலின் வாங்க வந்த பெரியவரை நிற்கவைத்து, கடைப் பையன் கார்பன் தாள் வைத்து பில் எழுதினான்.

மென்பொருள் போட்டுக் கொடுத்தவர்களைக் கேட்டேன். "80-ஆம் போர்ட்டுக்கு ரூட் வேணும் சார். இல்லாட்டி பர்மிஷன் பிரச்சினை வந்துக்கிட்டே இருக்கும்" என்றார்கள். போர்ட் என்பது நெட்வொர்க்கில் வரும் இணைப்புகளை ஒரு புரோகிராம் வாங்கிக்கொள்ளும் எண் போட்ட வாசல். 1024-க்குக் கீழுள்ள போர்ட்டைப் பிடிக்க ரூட் வேண்டும் என்பது லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் பழைய வழக்கம்தான். பிடித்த பிறகும் எதற்கு? டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அப்பாச்சி என்ற வெப் சர்வர், ரூட்டாக எழுந்து போர்ட்டைப் பிடித்ததும், வருகிற வேலையை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற அதிகாரமில்லாத யூசரிடம் விட்டுவிடுகிறது. வேறு கம்ப்யூட்டரிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் 2002-லேயே வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டது. அந்த ஒரு போர்ட் உரிமையை மட்டும் தனியாகக் கொடுக்கவும் லினக்ஸில் வழி உண்டு.

இப்போது அந்தக் கடையில் பில்லுக்கு ஒரு யூசர், துப்புரவுக்கு வேறொரு யூசர். இரண்டுக்கும் ஒரே யூசர் என்றால், அதே தப்பு மறுபடி நடக்கும்போது சிஸ்டம் பிழைக்கும், பில் கணக்கு போய்விடும். யூனிக்ஸில் ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் மேல் உரிமை தேவையில்லை. பொதுவாக, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமை இருந்தால் போதும். இது பலருக்குத் தெரிவதில்லை. அதனால் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் மட்டும் துப்புரவு யூசருக்கு எழுதும் உரிமை கொடுத்தேன். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இதே மாதிரி அமைத்து, பெயரை வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். திரை முழுக்க 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி இல்லை) ஓடியது. பில் ஃபோல்டர் அப்படியே இருந்தது.

கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: பணம் கொடுக்கும் முன், எந்தப் புரோகிராம் எந்த யூசரில் ஓடுகிறது என்று காட்டும் 'பிஎஸ் ஆக்ஸ்' (ps aux) கட்டளையை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் புரோகிராம் வரி 'ரூட்' என்று தொடங்கினால் தனி யூசருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அப்பாச்சிக்கு ஒரு வரி மட்டும் ரூட்டில் இருக்கும், அது சரிதான். அதன் மற்ற வரிகளைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு லினக்ஸ் பராமரிப்பாளர்,
கும்பகோணம்