மகளுக்கு, நீ பேராதனைக்குப் புறப்படுமுன்

அன்புள்ள மகள்,

குரல் பதிவாக அனுப்பினால் நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தை அப்படி ஓடவிட முடியாது.

அடுத்த கிழமை நீ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாய். சந்தையிலும் கோயிலிலும் என்னைக் காண்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "பொம்பிளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பப் போறீங்களா?" வேறு ஊரென்றால் இந்தக் கேள்விக்குள் பயம் மட்டும் இருக்கும். மட்டக்களப்பில் கொஞ்சம் குழப்பமும் சேர்ந்திருக்கிறது. இங்கே வீட்டை விட்டுப் போவது ஆண்பிள்ளையல்லவா? குடி, அதாவது குலம், தாய்வழி வருகிறது, வீடு மகளுக்குப் போகிறது, மருமகன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்கிறான். நானும் அப்படித்தான் படுவான்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து ஆரையம்பதிக்கு, உன் அம்மாவின் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவும் அம்மம்மாவும் பிறந்த வளவை விட்டு வெளியே படுத்ததென்றால் கதிர்காமத்துக்குப் போனபோது, அப்புறம் சுனாமிக்கு ஓடியபோது. ஆக, நம் வீட்டில் புறப்பட்டுப் போன அனுபவம் உள்ள ஆள் நான் ஒருவன்தான்.

வந்த வழியே உன்னையும் ஒருதரம் நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டது அதனால்தான். மோட்டார் சைக்கிளில் அப்பம்மா வீட்டுக்கு நாம் போகாத மாதமில்லை. ஆனால் பின்னால் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையோடு என்ன கதைப்பது? "பிடிச்சுக்கொள்" என்பதைத் தவிர.

அப்படி நாம் நடந்து போன அன்று, ஆற்றுக்கு மேலே மண்முனைப் பாலத்தின் நடுவில் நீ நின்றுவிட்டாய். கீழே ஒருவர் தோணியில் நின்று வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்தார். வலையின் ஈயக் குண்டுகள் தோணிப் பலகையில் சடசடவென்று அடித்தன. ஒரு கையளவு இறாலும், ஒரு பிளாஸ்டிக் பையும். அவர் பையைத் தண்ணீருக்குள் திரும்ப எறியப் போனார், மேலே நீ பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் தோணிக்குள் போட்டுக்கொண்டார். சூழலியல் படிக்கப் போகிறவளின் முதல் வெற்றி என்று நான் சொன்னதற்கு நீ சிரிக்கவில்லை.

இந்தப் பாலம் 2014 இல்தான் திறந்தது. அதற்கு முன் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக ஏறும். அது மறுகரையில் நின்றால் வரும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான். 2007 வரை இந்தக் கரையில் அரசாங்கத்தின் ஆட்சி, அந்தக் கரையில் புலிகளின் ஆட்சி. அப்பம்மாவின் ரேடியோவுக்குப் பற்றரி கொண்டுபோவதே பெரிய பாடு. இதையெல்லாம் கேட்டுவிட்டு நீ கேட்டாய்: "அப்ப அம்மாவைப் பாக்க எப்பிடி வந்தீங்க?" பார்க்கவெல்லாம் வரவில்லை மகள். 2002 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் எழுதினார்கள், போக்குவரத்து கொஞ்சம் இலேசானது, பெரியவர்கள் வந்து பேசினார்கள். அந்த ஒப்பந்தத்தால் நாட்டுக்குக் கிடைத்தது குறைவு. எனக்கு ஒரு குடும்பம் கிடைத்தது.

மகிழடித்தீவில் நினைவுத்தூபிக்கு முன்னால் நாம் அதிகம் கதைக்கவில்லை. 1987 இல் இறால் பண்ணையில் படையினர் சனங்களைக் கொன்றார்கள், 1991 இல் மறுபடியும் ஊருக்குள் வந்து கொன்றார்கள். இதை நீ வேறு யாரிடமும் கேட்டு அறியுமுன் என் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் அங்கே நிறுத்தினேன். சோறு போட்டுக்கொண்டு சொல்லும் கதையா அது? பேராதனையில் உன்னோடு ஒரே அறையில் சிங்களப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் கேட்டால் சொல். கேட்காவிட்டால் தேநீர் குடித்துக்கொண்டு பாடத்தைப் பற்றிக் கதை. இரண்டும் சரிதான்.

கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, போர்த்துக்கேயருக்கு முன்னால் கல் நந்தி எழும்பிப் புல் தின்ற கதையைச் சொன்னேன். "சாணியும் போட்டதாம்" என்று நான் முடிக்குமுன் "மாதிரி எடுத்து வச்சிருக்காங்களா?" என்றாய். கோயிலுக்குள் அப்படிக் கேட்கலாமா என்று அதட்டினேன். ஆனால் எனக்கும் சிரிப்பு வந்தது.

நீ உண்மையில் சொல்ல நினைத்ததை அதற்குப் பிறகு, தயிர்ச் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் சொன்னாய். "அந்த வீட்டை எனக்காகப் பூட்டி வைக்காதீங்க அப்பா."

உனக்குச் சீதனமாகக் கட்டும் அந்த வீட்டுக்கு நீ முதலாம் வகுப்பில் இருந்தபோது அத்திவாரம் போட்டோம். கூரை ஏறியது. 2022 இல் சீமெந்து விலை ஏறியதும் பூச்சுவேலை நின்றுபோனது. உன் அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு அத்தனையும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. வீடு பெண்ணின் பெயரில் இருப்பதை நான் இன்றும் நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன். புருஷன் கோபித்துக்கொண்டால் அவன்தான் வெளியே போகவேண்டும், அவளைப் போ என்று சொல்ல யாராலும் முடியாது. ஆனால் வீடு கட்டிக் கொடுத்தோம், இனி அதற்குள்ளேயே இரு என்றால் அது சீதனமல்ல, கட்டுத்தறி.

எனவே யோசித்துப் பார்த்துச் சம்மதிக்கிறேன். பூச்சுவேலையை முடித்து, வாசலுக்கு ஒரு கேற்றும் போட்டுவிட்டு, நம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருக்கும் ரீச்சருக்கு வாடகைக்குக் கொடுக்கலாம். வீட்டின் உறுதிப் பத்திரம் உன் பெயருக்கே எழுதப்படும், வாடகைக் காசு உன் வங்கிக் கணக்குக்கு வரும். விடுதிச் செலவுக்கு அது போதும், மிஞ்சினால் புத்தகம் வாங்கு. திரும்பி வருவதா, வேறெங்கும் வேலைக்குப் போவதா என்பதை நாலு வருசம் கழித்து நீயே சொல்.

அம்மாவிடம் மட்டும் இதை நீதான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் சொல். அன்றைக்கு எனக்குச் சங்கக் கூட்டம், நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா