பப்பாளிப் பாலும் நீல ஒளியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் கற்றுத் தருகிறேன். பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன், புரதத்தை வெட்டும் நொதி. அதன் வேகத்தை அளக்க, ஏஎம்சி என்ற ஒளிரும் மூலக்கூறு கோத்த சின்னப் பெப்டைடு (புரதத் துண்டு) போதும். நொதி வெட்டியதும் ஏஎம்சி விடுபடும். 380 நானோமீட்டர் ஒளி பட்டால் 460-இல் நீலமாக ஒளிரும்.

காயைக் கீறி எடுத்த பாலை ஐஸ் பெட்டியில் வைத்து, பிள்ளைகளோடு பேருந்தில் பெங்களூரு போனேன். எங்கள் ஊரில் இந்த ஒளியை அளக்கக் கருவி இல்லை. பப்பைனைத் தூண்டும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்ததும், ஒளியின் அளவைக் காட்டும் கோடு திரையில் விறுவிறுவென ஏறியது. "மேடம், வெட்டுது!" என்று கத்திவிட்டாள் பென்னாகரத்து மாணவி.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் பொதுவாக ஒரு கருவியாவது அரசு தர வேண்டும்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியை, கிருஷ்ணகிரி