வட்டுச் சோதனையை நிறுத்துவதற்கு முன்

ஆசிரியர் அவர்கட்கு,

வீட்டுக் கணினியை இயக்கும்போதெல்லாம் வட்டுச் சோதனை குறுக்கிடுகிறது, அதை எப்படி நிறுத்துவது என்று வாசகர் ஒருவர் தங்கள் கணினிப் பக்கத்தில் கேட்டிருந்தார். தொடக்கச் சோதனையைக் கட்டுப்படுத்தும் ‘செக்என்டிஎஃப்எஸ்’ கட்டளையுடன் ‘எக்ஸ்’ தெரிவைச் சேர்த்துக் கொடுக்கும்படி பதில் தரப்பட்டிருந்தது. பதிலில் பிழையில்லை, ஆனால் அதைச் செய்துவிட்டு, வட்டுக்கு என்ன நேர்ந்தது என்று பாராமல் இருந்துவிடக்கூடியவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் காரணமின்றி இச்சோதனையைத் தொடங்குவதில்லை. கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றாலோ, கோப்பு முறைமையில் முரண்பாடு தென்பட்டாலோ அந்த வட்டுப் பிரிவில் ‘டர்ட்டி பிட்’ எனும் அடையாளம் இடப்படுகிறது. அடுத்த தொடக்கத்தில் ‘ஆட்டோசெக்’ நிரல் அதைக் கண்டு சோதனையை ஆரம்பிக்கிறது. சோதனை நல்லபடியாக முடிந்தால்தான் அடையாளம் நீங்கும். நாமோ, திரையில் வினாடிகள் இறங்கிவரும்போதே ஏதாவதொரு விசையைத் தட்டித் தவிர்த்துவிடுகிறோம். அல்லது சதவீதம் ஓரிடத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்பதைக் கண்டு, பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்துவிடுகிறோம். மறுநாளும் அதே திரை வருவதில் வியப்பில்லை. பெரிய வட்டாயின் சில மணி நேரம் செல்லலாம். இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடுவதே நல்லது.

திருகோணமலையில் இது அடிக்கடி நேர்வதற்கு மின்சாரமும் ஒரு காரணம். 2022இன் நீண்ட மின்வெட்டுகளுக்காவது நேர அட்டவணை இருந்தது, முன்கூட்டியே கணினியை முறைப்படி அணைத்துவைக்க முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ஒரு நொடி போய்வரும் மின்சாரத்துக்கு அட்டவணை ஏது? பற்றரியுள்ள மடிக்கணினி இதைத் தாங்கிக்கொள்ளும். மேசைக் கணினிக்கு, மின்சாரம் நின்றதும் பற்றரியிலிருந்து மின்சாரம் தரும் சிறியதொரு யூ.பி.எஸ். வாங்கி வைப்பது, என் கருத்தில், எந்தக் கட்டளையையும்விடப் பயனுள்ளது.

சோதனை முழுமையாக முடிந்த பின்னரும், கணினியை ஒழுங்காக அணைத்துவரும்போதும் அதே திரை மீண்டும் மீண்டும் வருமானால், வட்டே பழுதாகிவருகிறதா என்று பார்க்க வேண்டும். தளர்ந்துபோன கேபிளும் இத்தொல்லையைத் தரக்கூடும் என்பதால் முதலில் அதைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். கணினியில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ‘ஈவன்ட் வியூவர்’ திறந்து, ‘விண்டோஸ் லொக்ஸ்’ என்பதன் கீழுள்ள ‘அப்ளிகேஷன்’ பகுதியில் ‘வின்இனிட்’ எனும் விண்டோஸ் தொடக்க நிரல் எழுதிய பதிவைத் தேடினால், கடந்த சோதனையின் முடிவு முழுவதும் அங்கே இருக்கும். அதில் ‘பேட் செக்டர்ஸ்’ (வட்டின் பழுதான பகுதிகள்) என்ற வரிக்கு எதிரே பூச்சியம் இல்லாவிட்டால், பிள்ளைகளின் பரீட்சைக் குறிப்புகள், குடும்பப் படங்கள், கடைக் கணக்குகள் யாவற்றையும் உடனே வேறொரு வட்டுக்குப் பிரதி எடுத்துவிட வேண்டும். பிரதி எடுக்குமுன், வட்டைச் சோதித்துத் திருத்தும் ‘செக்டிஸ்க்’ கட்டளையை ‘ஆர்’ தெரிவுடன் ஓட்டுவது ஆபத்தானது. முழு வட்டையும் வாசிக்கும் அந்த வேலையிலேயே நலிந்த வட்டு அடியோடு செயலிழந்துவிடக்கூடும்.

‘எக்ஸ்’ தெரிவு தொடக்கச் சோதனையை மட்டுமே விலக்கும். அடையாளத்தை அழிப்பதுமில்லை, பழுதைத் திருத்துவதுமில்லை. இன்னுமொன்று: சி வட்டுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் பின்னர் டி வட்டுக்குத் தனியாகக் கொடுத்தால் முதலாவது விலக்கு இரத்தாகிவிடும், இரண்டையும் ஒரே வரியில் கொடுக்க வேண்டும். ‘டி’ தெரிவைக் கொடுத்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

திருத்தக் கொடுத்த கணினி ‘இப்போது சரி’ என்ற சொல்லோடு திரும்பி வரும்போது, சோதனை முடிக்கப்பட்டதா, வெறுமனே நிறுத்தப்பட்டதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது வாடிக்கையாளரின் உரிமை. தங்கள் கணினிப் பக்கத்திலும் நிறுத்தும் கட்டளைக்கு அருகிலேயே அதை மீளப்பெறும் கட்டளையையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.