சிறையிலிருந்து திரும்பிய இளைஞர்களைப் பற்றி நம் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தோட்டப்புற நகரொன்றில் இயங்கும் நம் கத்தோலிக்கப் பங்கின் தந்தைக்கும் பேரவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிறையிலிருந்தும் போதை மறுவாழ்வு மையத்திலிருந்தும் திரும்பியவர்களைப் பாடகர் குழுவிலும் இளையோர் மன்றத்திலும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அவர்களின் பிறவிக்குணம் மாறாது என்பதற்குத் மனிதர் அனைவரும் பாவத்தால் காயம்பட்ட இயல்போடு பிறக்கிறார்கள் என்னும் திருச்சபையின் சென்மப் பாவப் போதனையே சான்றாகக் காட்டப்பட்டது. அந்தப் போதனை இதற்கு நேர்மாறானது என்பதே என் வாதம்.

கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்று தொடக்க நூலின் முதல் அதிகாரம் கூறுவதும், எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று பவுல் உரோமையருக்கு எழுதியதும் மானிடர் அனைவரையும் குறிப்பவை. மனிதர் தம் முயற்சியாலேயே பாவமின்றி வாழலாம் என்ற பெலாஜியு என்ற துறவியின் கருத்தை ஆயர் அகுஸ்தினார் எதிர்த்தார். 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் அதைக் கண்டித்தார்கள். அப்படியானால் இறையருளின்றி நிமிர்ந்து நிற்கக்கூடியவர் நம் பேரவையிலும் இல்லை, சிறையிலும் இல்லை.

பாவத்தால் மனித இயல்பு முற்றிலும் சீர்கெட்டது என்று லூத்தர் முதலிய புரொட்டஸ்டாண்டு சீர்திருத்தவாதிகள் வலியுறுத்திய காலத்தில், மனிதரின் சுதந்திர விருப்பம் தளர்ந்திருக்கிறதே தவிர அழியவில்லை என்று கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரிதெந்துப் பொதுச்சங்கம் 1547இல் அறிவித்தது. கத்தி பட்ட பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பட்டை மீண்டும் வளர்வதை நம் பெற்றோர் நிரைதோறும் கண்டவர்கள். காயம்பட்ட மரத்தைப் பட்டுப்போனதாக அவர்கள் எண்ணியதில்லை.

மிகக் கொடிய குற்றம் புரிந்தவரும் மனித மாண்பை இழப்பதில்லை என்று கூறி, மரண தண்டனையை ஏற்க முடியாதெனத் திருச்சபை 2018இல் தன் போதனைகளின் தொகுப்பான மறைக்கல்வி நூலைத் திருத்தியது. நம் நாடும் கட்டாய மரண தண்டனையை 2023இல் நீக்கியது. தூக்குமேடையிலும் பறிபோகாத மாண்பு, பாடகர் குழுவின் வாசலில் எப்படிப் பறிபோகும்?

பிள்ளைகளைப் பெற்றவர்களின் அச்சம் நியாயமானது. அதை நான் லேசாக எண்ணவில்லை. மனித இயல்பு தீமையின் பக்கம் சாயக்கூடியது என்பதை மறந்தால் கல்வியிலும் அரசியலிலும் ஒழுக்கத்திலும் பெரும் பிழைகள் நேரும் என்று அதே மறைக்கல்வி நூல் எச்சரிக்கிறது. ஆகவே கண்காணிப்பு வேண்டும். அது எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். சிறுவர்களோடு எந்தப் பெரியவரும் தனித்திருக்க வேண்டாம். காணிக்கையை எவரும் தனியாக எண்ண வேண்டாம். இவ்விரு விதிகளையும் ஏற்று, அந்த முடிவை அடுத்த கூட்டத்தில் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளுமாறும், சம்பந்தப்பட்ட இளைஞர்களையே நேரில் அழைத்துக் கேட்குமாறும் வேண்டுகிறேன்.

இறையன்புடன்,
பங்கு உறுப்பினர் ஒருவர்